கனகாம்பர மீமாம்சை

ஐதராபாத்து மாநகரின் வடகிழக்கில், சைனிக்புரிக்கும் குஷாயிகூடாவுக்கும் இடையே, ஏ.எஸ். ராவ் நகர் என வழங்கும் குடியிருப்பில் தொட்டியிலே கனகாம்பரம் வளர்ப்பவர்களுள் சித்தாந்தம் இல்லாதவர் ஒருவரும் இலர். காலையில் தண்ணீர் விடவேண்டும் என்பார் ஒரு சாரார். மாலையில்தான் விடவேண்டும் என்பார் மற்றொரு சாரார். அரிசி கழுவிய நீரே அமிர்தம் என்பாரும், வடிகட்டிய தேயிலைச் சக்கையைக் காணாத தொட்டி தொட்டியே அன்று என்பாரும், இவ்விரண்டையும் அளவின்றிப் போட்டுச் செடியைப் பரலோகத்துக்கு அனுப்பியபின் நர்ஸரிக்காரனைக் குறை கூறுவாரும் தனித்தனிச் சமயத்தார் ஆவர். இத்தனை வாதப் பிரதிவாதங்களுக்கு நடுவே எல்லாச் சமயத்தாரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: கனகாம்பரத்துக்கு நிழல் வேண்டும். ஆனால் அந்த நிழல் எத்தகையது, யாருடையது, எத்திசையிலிருந்து வருவது, எந்த மாதத்தில் வருவது, வந்தது நிற்குமா நீங்குமா என்ற ஐந்து வினாக்களையும் எவரும் முறைப்படி எழுப்பியதாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

ஆராய்ச்சி என்றால் பிரமாணம் வேண்டும். காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை நம் முன்னோர் வகுத்து வைத்தார்கள். கனகாம்பர விஷயத்தில் காட்சியளவை நம்பத்தக்கதன்று. ஏனெனில் இலையானது நீர் குறைந்தாலும் வாடும், நீர் மிகுந்தாலும் வாடும், வேரைப் புழு தின்றாலும் வாடும், மூன்று வாட்டத்துக்கும் தோற்றம் ஒன்றே. கருதலளவையோ, ‘நேற்று வெயில் கடுமை, ஆகவே இன்று இரண்டு சொம்பு அதிகம்’ என்று தொடங்கி வேரழுகலில் முடிகிறது. எஞ்சியது உரையளவை, அதாவது ஆப்தவாக்கியம். இந்நகரில் ஆப்தர் எனப்படுவார் பெரும்பாலும் எதிர் பிளாட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற பொறியாளரே. அணுமின் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்து பழகிய கை, இப்போது நாள்தோறும் காபிக்கு முன்னால் தொட்டி மண்ணில் சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை இறக்கி ஈரம் பார்க்கிறது. மண் விரலில் ஒட்டினால் நீர் இல்லை, ஒட்டாவிட்டால் ஒரு சொம்பு. இதனினும் துல்லியமான கருவியை நான் கண்டதில்லை. அதற்கு மின்சாரமும் வேண்டுவதில்லை.

இனிச் செடியின் குலமுறை. தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகமாகிய இச்செடியை, இந்தியாவைக் கண்ணாற் காணாத சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1759-ல் ஜஸ்டீசியா என்னும் இனத்தில் எழுதி வைத்து ஆடாதோடைக்குப் பங்காளியாக்கினார். பின்வந்தவர்கள் பாகம் பிரித்துக் கிராஸாண்ட்ரா என்ற பெயரில் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தார்கள். குடும்பம் மட்டும் மாறவில்லை. அந்தக் குடும்பமோ சாமானியமானதன்று: சளிக்கு ஆடாதோடை, காய்ச்சலுக்கு நிலவேம்பு, குளக்கரைக்கு நீர்முள்ளி, மார்கழிக் கொண்டைக்கு டிசம்பர் பூ என்று ஊருக்கு உழைக்கும் உறவினர் நிறைந்தது. மலைக்கென்று ஓர் உறவினரும் உண்டு, அவர்தாம் குறிஞ்சி.

குறிஞ்சியின் பெயரை எடுத்த பிறகு ஒரு வழக்கைத் தொடுக்காமல் மேலே செல்ல இயலவில்லை. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. மூணாற்று மலைகளில் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்கவேண்டும். இடைப்பட்ட பதினோராண்டும் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்பார் இல்லை. பூத்த ஆண்டில் ஜனங்கள் பேருந்து பேருந்தாகப் போய்ப் பார்க்கிறார்கள். ஒரு திணைக்கே அதன் பெயரைச் சூட்டினார்கள். கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிய பாட்டும் அதன் பெயராலேயே வழங்குகிறது. அதே குடும்பத்திற் பிறந்து, ஆண்டு முழுவதும் அலுக்காமல் கதிர்மேற் கதிராகப் பூத்துக் கொட்டும் கனகாம்பரத்தின் பெயர் அந்தத் தொண்ணூற்றொன்பதில் இல்லை. நாள் தவறாமல் வேலைக்கு வரும் குமாஸ்தாவை அலுவலகத்தில் எவரும் கவனிப்பதில்லை. என்றோ ஒருநாள் வரும் மேலதிகாரிக்கே மாலை. தாவர சமூகத்திலும் இந்நீதியே செல்லுபடியாகிறது போலும்.

கனகாம்பரத்துக்கு மணமில்லை என்பது பூர்வபக்ஷத்தார் எடுத்துக் காட்டும் பெருங்குற்றம். அதை மறுப்பதற்கில்லை, ஆனால் மணமில்லாமை ஒரு குற்றமா என்பதே கேள்வி. மல்லிகையோடும் மருவோடும் சேர்த்துத் தொடுக்கும்போது அது போட்டிக்கு வருவதில்லை. நிறத்தைத் தான் கொடுத்து மணத்தைப் பிறருக்கு விட்டுவிடுகிறது. பூவின் கனமோ தலை உணராத அளவு. காலையில் சூடிய மல்லிகை மாலையில் பழுத்துப்போன பின்னும் கனகாம்பரம் நிறம் மாறாமல் இருக்கும். ஆகையினால்தான் திண்டுக்கல், மதுரைப் பக்கத்துச் சந்தைகளில் எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு குடிமல்காபூர்ப் பூச்சந்தையிலும் அதற்கு உண்டு. தெலுங்கு நாட்டுப் பெண்மணிகள் இப்பூவிடம் கொண்ட பக்தி நம்மவர் பக்திக்கு ஒரு மாற்றும் குறைந்ததன்று; இரு மொழியாருக்கும் சொத்துத் தகராறு எழாத மிகச் சில விஷயங்களுள் கனகாம்பரம் ஒன்று.

இனி ஸ்தல புராணம். ஐயகாரி சாம்பசிவ ராவ் (1914–2003) என்னும் விஞ்ஞானி, டிராம்பேயில் ஹோமி பாபாவின் தலைமையில், அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளை அயல்நாட்டில் வாங்காமல் நாமே செய்துகொள்ள வேண்டும் என்று முனைந்தவர். அம்முயற்சி முதிர்ந்து 1967-ல் ஐதராபாத்தில் இ.சி.ஐ.எல். என்ற நிறுவனமாயிற்று, கணிப்பொறியும் தொலைக்காட்சிப் பெட்டியும், பிற்காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரமும் அங்கே உருவாயின. அந்நிறுவனத்தை ஒட்டி எழுந்த குடியிருப்புக்கு அவர் பெயரே நிலைத்தது. தனி மனையும் தனி வீடுமாக இருந்த காலத்தில் இவ்வூரில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. மதிலோரத்தில் ரோஜா, வாசலில் மல்லிகைப் பந்தல், கொல்லையில் மாமரம், மாமரத்தின் அடியில் யாரும் பொருட்படுத்தாமல் தானே முளைத்த கனகாம்பரம் என்பதே அக்காலத்துத் தோட்ட வருணாசிரமம்.

பின்னர்ப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும், வீடுகள் பில்டர் கைக்கும் போயின. ஒருமாடி வீடு நின்ற இடத்தில் ஐந்துமாடி நின்றது. அதன் பக்கத்திலும் ஐந்துமாடி நின்றது. இரண்டுக்கும் நடுவே சட்டம் விட்டுவைத்த சில அடி இடைவெளியில், பகற்பொழுதில் ஒரு மணி நேரமே சூரியன் எட்டிப் பார்க்கும் நிலை வந்தது. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலைக் கடன்காரன் மாதிரிக் கேட்டு நிற்கும் ரோஜா முதலில் மாண்டது. மல்லிகை இலையாகவே வளர்ந்து, பூவை நினைவில் மட்டும் வைத்துக்கொண்டது. அப்போதுதான் மாமரத்தடியில் கிடந்த அனாதைக்குப் பால்கனிதோறும் பட்டாபிஷேகம் நடந்தது. நகரம் உயர்ந்ததால் நஷ்டமடைந்த செடிகளின் பட்டியல் நீளமானது. லாபமடைந்த பூச்செடி, என் ஆராய்ச்சிக்கு எட்டிய வரையில், இது ஒன்றே.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தொட்டி நம்முடையது, மண் நம்முடையது, செடி நம்முடையது. நிழல் மட்டும் நம்முடையதன்று. அது பக்கத்துக் கட்டடத்தின் உபயம், அல்லது மேல்மாடிக்காரரின் பால்கனித் தளத்தின் தர்மம். பத்திரத்தில் அது எழுதப்படுவதில்லை, அதற்கு வரியும் இல்லை, கொடுத்தவருக்குக் கொடுத்தோம் என்ற நினைவும் இல்லை. அண்டை வீட்டார் எழுப்பிய சுவரைச் சபித்துக்கொண்டே அச்சுவரின் நிழலில் கனகாம்பரம் பறிக்கும் இந்நிலையைத் தர்ம சாஸ்திரங்கள் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

நிழலில் உத்தமம் மரநிழல். வேம்பின் இலையிடுக்கில் வெயில் சல்லடையிற் சலித்தாற்போல் விழுந்து, ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். குளிர் முடியும் தறுவாயில், வெயில் வேண்டியிருக்கும் காலம் பார்த்து, மரம் தன் இலைகளைத் தானே உதிர்த்து வழிவிடும். ஆனால் மரத்தின் வேர், நிழலுக்கு வாடகையாகச் செடிக்கு விட்ட நீரையும் எருவையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே நிலத்தில் வைக்காமல் தொட்டியில் வைத்து மரத்தடியில் இறக்குவதே அறிவுடைமை. மத்திமம் சுவர் நிழல். காலை வெயில் நண்பகல் வரை பட்டு, அதற்குமேல் கட்டடம் தானே மறைத்துக்கொள்ளும் கிழக்குச் சுவர் இவ்வகையிற் சிறந்தது; பகல் முழுவதும் உண்ட வெப்பத்தை இரவில் உமிழும் மேற்குச் சுவர் கடையானது. அதமாதமம் கொடி நிழல். பால்கனியில் துணி உலர்த்தும் கொடியில், வாரநாள்களில் துண்டும் சட்டையும் தொங்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் இரட்டைக் கட்டில் பெட்ஷீட் தொங்குமாகலான், செடியானது ஆறுநாள் கோடையும் ஒருநாள் கிரகணமுமாக வாழ்ந்து குழம்பிப்போகிறது. பட்டுப்புடவை உலர்த்தும் அன்று நிழல் நிறத்தோடு விழுகிறது; அதனால் பூவின் நிறம் மாறும் என்று முதல் மாடியில் ஒரு சாரார் நம்புகிறார்கள். அதை ஆராய எனக்குத் துணிவு பிறக்கவில்லை.

நிழல் வேண்டும் என்றதனால் இருள் வேண்டும் என்று கொள்ளற்க. குளியலறை ஜன்னலுக்குக் கீழே, வெயில் அறவே எட்டாத மூலையில் வைத்த கனகாம்பரம் சாகாது. இலைகள் கரும்பச்சையாகிப் பளபளக்கும், தண்டு வெளிச்சத்தைத் தேடி நீளும், பார்ப்பவர் ‘என்ன செழிப்பு’ என்பர். ஆனால் கதிர் வராது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், நண்பகலுக்குப் பிறகு நிழல் என்பதே இச்செடியின் மனோரதம். ஐதராபாத்தின் சித்திரை வைகாசி வெயில், வெப்பமானி நாற்பதைத் தாண்டும் பிற்பகல்களில் நேரே பட்டால், இலை ஓரம் சுருண்டு தீய்ந்துவிடும்.

நிழலாராய்ச்சியில் வான நூலைப் புறக்கணித்தவன் செடியை இழப்பான். இந்நகர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழப் பதினேழரைப் பாகையில் இருக்கிறது. ஆதலால் ஆண்டில் இரண்டு நாள்கள், மே 9-ம் தேதியை ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்டு 3-ம் தேதியை ஒட்டி மறுமுறையும், நண்பகலிற் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்க, செங்குத்தாக நட்ட கோலின் நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்று இதனை வழங்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மொட்டைமாடியில் பாட்டிலை நிறுத்தி வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். நிழலையே ஜீவாதாரமாகக் கொண்ட ஒரு செடியின் பஞ்சாங்கத்தில் இவ்விரண்டும் எத்தகைய நாள்கள் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். இவற்றுக்கு இடைப்பட்ட பன்னிரண்டு வார காலமும் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். ‘வடக்குப் பார்த்த பால்கனி, வருஷம் முழுக்க வெயிலே வராது’ என்ற வீட்டுத் தரகரின் வாக்கு, ஆண்டின் பிற பாகங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துமேயன்றி, நிழல் மிகவும் வேண்டியிருக்கும் மே மாதத்துக்குப் பொருந்தாது. அம்மாதத்தில் காலை வெயிலும் மாலை வெயிலும் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் சாய்ந்து உள்ளே புகுந்துவிடும்.

தெற்குப் பார்த்த பால்கனியின் கதை வேறு. வேனிலில் சூரியன் தலைக்கு மேலும் வடக்கிலுமாகத் திரிவதால் மேல்மாடியின் தளமே குடையாகிறது. டிசம்பர் பிற்பகுதியிலோ நண்பகலிற் கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் நாற்பத்தொன்பது பாகையளவே ஏறுகிறான். ஆகவே வெயில் தளத்துக்குக் கீழே நுழைந்து தொட்டி வரை வந்து சேர்கிறது. கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த இந்தத் தக்காணத்துப் பாறை மேட்டில் மார்கழி இரவுகள் சென்னைக்காரர் நினைப்பதைவிடக் குளிரானவை. கனகாம்பரம் குளிருக்கு அஞ்சி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் காலத்தில் அந்தப் பகல்வெயில் அதற்கு மருந்து. ஆக, கோடையில் நிழலும் குளிர்காலத்தில் வெயிலும் கூலியின்றிக் கொடுப்பது தென்திசையே. வாஸ்து வல்லுநர்களோ கிழக்கை உச்சியில் வைத்துத் தெற்கைக் கடைசியில் தள்ளி, விலையையும் அதற்கேற்பக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கிழக்கு விஷயத்தில் கனகாம்பரத்துக்கும் வாஸ்துவுக்கும் அபிப்பிராய பேதம் அதிகமில்லை. தெற்கு விஷயத்தில் செடியின் கட்சியே என் கட்சி. தெற்கு வாசல் பிளாட்டை மலிவாக வாங்கிவிட்டு மனம் வருந்துவோர் இப்பத்தியை மறுமுறை படிக்கலாம்.

மண்ணைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். கருங்கற் பாறை சிதைந்து உண்டான இவ்வூர்ச் செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாண எரு ஒரு பங்கு, மணலோ தேங்காய் நார்த்தூளோ ஒரு பங்கு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தொட்டி மண்ணால் ஆனதா, சிமெண்டால் ஆனதா என்ற விவாதம் இவ்வூரில் எழுவதில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய பெயிண்ட் வாளியே சர்வ சம்மதமான பாத்திரம். அதன் அடியில் துளையிட வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்து, கனகாம்பரத்தைத் தாமரையாக வளர்க்கப் பார்க்கிறார்கள். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் தொடர்ந்து விட்டால் இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளித்தால் நிறம் திரும்பும்.

இன விருத்தியில் இச்செடிக்கு இரண்டு சம்பிரதாயங்கள். நாட்டு ரகம் விதையால் பெருகும். முதிர்ந்த கதிர் காய்ந்து நிற்கையில் அதன்மேல் மழைத்துளி பட்டால், உள்ளிருக்கும் நெற்று ‘பட்’டென்று வெடித்து விதைகளை எட்டத் தெறிக்கவிடும், நீர்பட்டு வெடிக்கும் இவ்வித்தை இதன் குடும்பத்துக்கே உரிய குலவித்தை. அடுத்த வீட்டுத் தொட்டியில் தெறித்து முளைத்த செடி யாருக்குச் சொந்தம் என்ற பிரச்சினை முதல் மழைக்குப் பின் ஆண்டுதோறும் எழுகிறது. ‘நிழல் உங்களுடையது, விதை எங்களுடையது, பாதிப் பூ கொடுங்கள்’ என்ற சமரசத்தில் ஒருமுறை அது முடிந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இன்னொரு ரகம் டெல்லிக் கனகாம்பரம். பூ பெரியது, நிறம் ஆழ்ந்த செம்மஞ்சள், விளைச்சலும் மிகுதி, விதை மட்டும் இல்லை. எதிர் பிளாட்டு ஆப்தரிடம் ஒரு பள்ளிச் சிறுவன் இதுபற்றிக் கேட்டான்.

“அங்கிள், இந்தச் செடியில ஏன் விதையே வர்றதில்லை?”

“இது டெல்லி ரகம்ப்பா. நாட்டுச் செடிக்குக் குரோமோசோம் நாலு செட்டு, நாப்பது. இதுக்கு மூணே செட்டு, முப்பது. சரிபாதியாப் பிரிக்க முடியாது இல்லையா? அதனால வாரிசு கிடையாது.”

“அப்ப எப்படி வளர்க்கறது?”

“பூக்காத கிளையா பார்த்து நாலு விரல் நீளம் வெட்டி வை. மூணு நாலு வாரத்துல வேர் விடும்.”

விஷயம் அவ்வளவே. ஒரே செடியின் கிளைகளே எங்கும் பரவியிருப்பதால், டெல்லி ரகத்தைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் ஒருங்கே தாக்கும். நோயிற் கொடியது கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. வேரைக் குடைந்து, அந்தப் புண்வழியே வாடல் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடும். நன்றாக இருந்த செடி கிளை கிளையாக வாடினால் பிடுங்கி வேரைப் பார்க்கவேண்டும். கறுத்திருந்தால் மண்ணோடு எறிந்துவிட வேண்டும், அம்மண்ணில் மறுபடி கனகாம்பரம் வைக்கலாகாது. துலுக்கச் சாமந்தியின் வேரிலிருந்து வரும் ரசாயனம் நூற்புழுவுக்கு ஆகாது. ஒரு பருவம் அதனை வளர்த்து மண்ணைப் பிராயச்சித்தம் செய்விக்கலாம். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் அர்க்கா அம்பரா, அர்க்கா கனகா முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். புறாக்களைப் பற்றி எழுதப் புகுந்தால் அது தனி நூலாகும். கனகாம்பரத் தொட்டியே தனக்குப் பிரசவ அறை என்று இந்நகரத்துப் புறா தீர்மானித்துவிட்டது என்பதோடு நிறுத்துகிறேன்.

விளைச்சல் கணக்கு சற்று அவமானகரமானது. பூ ஒருநாள் விட்டு ஒருநாள் அதிகாலையில் பறிக்கப்படுகிறது. கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி மலர்ந்துகொண்டே போகும் இச்செடி ஒரே நாளில் குவித்துக் கொடுப்பதன்று. ஒரு பால்கனித் தொட்டிகள் முழுவதும் சேர்ந்து கொடுக்கும் பூவை வாழைநாரில் இரண்டிரண்டாக வைத்து நெருக்கிக் கட்டினால், இ.சி.ஐ.எல். நாற்சந்தியில் பூக்காரம்மாள் தன் முழங்கையால் அளந்து, ‘மூர’ என்று சொல்லி நீட்டும் சரத்தில் பாதிகூடத் தேறாது. இத்தனைக்கும் அந்த அம்மாளின் முழங்கை, பூக்காரர் முழங்கைகள் எல்லாவற்றையும் போலவே, இயற்கையில் குட்டையானது. முதல்நாள் பறித்ததை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து மறுமுறை பறித்ததோடு கூட்டுவது ஒரு வழி. மாடிக்கு மாடி பூவைச் சேகரித்து, வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாடியாக முறைவைத்துச் சூடுவது மற்றொரு வழி. இரண்டாவதில் பூ மிகுதி, மனஸ்தாபமும் மிகுதி. காய்ந்த கதிரைக் கணுவோடு கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து மேலும் கதிர் வரும் என்பதை அறிந்தவர் வீட்டிற்கே அரை முழத்துக்கு மேல் பூக்கும்.

எஞ்சியிருப்பது நீர் விவகாரம். இதில் பால்கனி ஒவ்வொன்றும் ஒரு ராஜ்யம். இந்த மாநகருக்குக் குழாய்நீர் கிருஷ்ணையிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் வருகிறது. ஆகவே கனகாம்பரத்துக்கு விடும் ஒவ்வொரு சொம்பிலும் மகாநதிகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. கிருஷ்ணை நீரைப் பங்கிட 1969-ல் பச்சாவத் தலைமையில் நடுவர் மன்றம் அமைந்தது. காவிரிக்கு 1990-ல் அமைந்த மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்க 2007 ஆயிற்று. அவ்விரு வழக்குகளிலும் குறை ஒன்றுதான்: மேலே இருப்பவர் நீர் விடவில்லை என்பது. ஏ.எஸ். ராவ் நகரின் அடுக்கு வீடுகளில் அவ்வழக்கு தலைகீழாகிறது. மேலே இருப்பவர் நீர் விட்டுவிட்டார் என்பதே கீழே இருப்பவரின் பிராது. காவிரியில் கடைமடைக்காரராக இருந்து தலைமுறை தலைமுறையாக நியாயம் கேட்ட தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று, இங்கே மூன்றாம் மாடியில் குடியேறி ஒரே நாளில் தலைமடைக்காரராகிவிட்டதை நான் அறிவேன். பெயிண்ட் வாளியின் அடித்துளையிலிருந்து செம்மண் கரைந்த நீர் சொட்டி, இரண்டாம் மாடிக் கொடியில் உலர்ந்த வெள்ளைச் சேலையில் வரைபடம் வரைந்தது.

“அக்கா, மீ செட்டு நீள்ளு மா சீர மீத படுதுன்னாயி!” என்று கீழிருந்து குரல் வந்தது.

“இதோ நின்னுடும்மா, ரெண்டே நிமிஷம்!” என்று மேலிருந்து பதில் போயிற்று.

அது தெலுங்கு, இது தமிழ். ஆயினும் சேலையில் விழும் செடித்தண்ணீர் பற்றிய பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை. இரண்டு நிமிஷம் என்றது இரண்டு நிமிஷத்தில் நின்றதா என்பது வேறு விஷயம். வழக்கு குடியிருப்போர் சங்கத்துக்குப் போயிற்று. அங்கே மேல்மாடியார், தம் பால்கனித் தளம் இல்லாவிட்டால் கீழ்மாடிக் கனகாம்பரம் வெயிலில் கருகியிருக்கும், ஆகவே நிழல் கொடுத்தவர் நீரும் கொடுப்பது இயல்பே என்று வாதித்தார்கள். கீழ்மாடியார், நிழலை ஏற்றுக்கொண்டது உண்மை, நீரை ஏற்றுக்கொண்டதாக எழுத்து ஏதும் இல்லை என்றார்கள். நிழல் யாருடையது என்று தொடக்கத்தில் நான் எழுப்பிய வினாவுக்கு இவ்வளவு தெளிவான விவாதத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. சங்கத் தலைவர், நிழல் மேல்மாடிக்கு உரியது என்றும், அதை அனுபவிக்கும் உரிமை கீழ்மாடிக்கு உண்டென்றும், நீரோ விடுகிறவர் தொட்டிக்குள்ளேயே அடங்க வேண்டியதென்றும் தீர்த்தார். தீர்ப்பு ஒரே கூட்டத்தில் வந்தது, அமலும் ஆயிற்று.

ஆதலால் மேல்மாடியில் கனகாம்பரம் வளர்க்கும் அன்பர்கள் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைக்கவேண்டும். தட்டில் தேங்கும் நீரைக் கொசு முட்டையிட்டுப் பொரிக்க விடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட வேண்டும். கொட்டும்போது கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டவும்.